ரோமில் ஓர் இலவச ஞாயிறு

ரோமுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போய்விட்டு வந்த பிறகு எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அதை அண்ணனின் பயணம் என்றுதான் பேசுகிறார்கள்.

அண்ணன் என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. கணவரின் அக்காவை எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம்; அவர் என்னை அம்மிணி என்பார். அந்த நங்கையின் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை. அவர்கள் இருவரும் ஓமானில், சோஹாரில் இருக்கிறார்கள். துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் அண்ணனுக்கு சேஃப்டி டிபார்ட்மெண்டில் பெரிய வேலை. ஒரே மகன் ஊரில் கல்லூரியில் படிக்கிறான். நாங்கள் குவைத்தில், ஃபஹாஹீலில் இருக்கிறோம். கணவர் ரிஃபைனரியில் என்ஜினியர். நான் ஓர் இந்தியப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பு முடித்த மகள் ஒருத்தி.

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஊருக்குத்தான் போவோம். ஊரில் விடுமுறை என்பது கல்யாண வீடுகளுக்கும் பல் டாக்டரிடமும் பேங்கிற்கும் அலைவது. அந்த வருடம் நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன், ஊருக்குப் போகும் முன் பத்து நாள் எனக்கு வேண்டும் என்று. பள்ளியில் வரலாற்றுப் பாடம் நடத்தும் தோழி ஒருத்தி ரோமைப் பற்றிப் பேசிப் பேசி எனக்குள் அந்த ஊரை ஏற்றிவிட்டிருந்தாள். கணவர் மறுக்கவில்லை. அவர் எதையும் மறுக்க மாட்டார். அதுதான் பிரச்சினையே. வெள்ளிக்கிழமை காலை அக்காவோடு வீடியோ காலில் பேசும்போது, நாங்கள் ரோமுக்குப் போகிறோம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

திரையில் நங்கையின் முகம் விலகி அண்ணனின் முகம் வந்தது.

“ரோம்ல பாதி ஃப்ரீ, தெரியுமா? சரியாப் பிளான் பண்ணா முக்கால்வாசி ஃப்ரீ. நாங்களும் வர்றோம். பிளானை எங்கிட்ட உடுங்க,” என்றார்.

நான் அடுப்படியிலிருந்து கையைக் காட்டி வேண்டாம் வேண்டாம் என்றேன். கணவர் என்னைப் பார்த்துக்கொண்டே, “வாங்க மாமா, நல்லா இருக்கும்,” என்றார்.

அண்ணனுக்குப் பணக் கஷ்டம் எதுவும் கிடையாது. ஊரில் தோட்டம் வாங்கும்போது யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பார். நங்கைக்கு நகை வாங்குவதிலும் குறை வைத்ததில்லை. ஆனால் இலவசம் என்பது அவருக்கு ஒரு விளையாட்டு. மற்றவர்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போகும் இடத்துக்குத் தான் டிக்கெட் இல்லாமல் போய்விட்டால், கோப்பை ஜெயித்த மாதிரி ஒரு முகம் வரும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நாங்கள் ரோம் வரை போனோம் என்று இப்போது தோன்றுகிறது.

விசா வரும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகுப்பு நடந்தது. எந்தச் சர்ச் இலவசம், எந்தப் பூங்கா இலவசம், எந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்தால் பாட்டுக் கேட்கலாம் என்று அவர் பார்த்த வீடியோக்களை எல்லாம் எங்களுக்கும் அனுப்பினார். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களும் கொலோசியமும் எல்லோருக்கும் இலவசம். அந்த ஞாயிறு நடுவில் வருகிற மாதிரி எங்கள் விமான டிக்கெட்டையே மாற்றச் சொன்னார். மாற்றினோம். நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த, நடு ஊரில் பால்கனி வைத்த அறையை அவர் வேண்டாம் என்றார். மெட்ரோ முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், ஐந்தாவது மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு வீட்டை எடுத்தோம். அதில் சமையலறை உண்டு என்பது அதன் பெருமை.

ஆக, ஐரோப்பாவில் என் முதல் காலை குக்கர் விசிலோடு விடிந்தது. நங்கை சோஹாரிலிருந்து சின்னக் குக்கர், பொன்னி அரிசி, சாம்பார்ப் பொடி, ஊறுகாய் எல்லாம் கொண்டுவந்திருந்தார். கொண்டுவரச் சொன்னது அண்ணன். மூன்றாவது விசிலுக்குக் கீழ்வீட்டு அம்மாள் மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். ஏதோ வெடிக்கப்போகிறது என்று நினைத்துவிட்டார் பாவம். நங்கை குக்கரைத் தூக்கி அவரிடம் காட்டி, சிரித்து, ஒரு வழியாக அனுப்பிவைத்தார். தயிர் சாதத்தை டப்பாக்களில் அடைத்துக்கொண்டு நாங்கள் ரோமைப் பார்க்கக் கிளம்பினோம்.

ரோம் அழகான ஊர்தான். அதில் எனக்குக் குறையே இல்லை. தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பிடித்துக் குடிக்கலாம். சாதாரணமாகத் தெரிகிற சர்ச்சுக்குள் நுழைந்தால் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கிற அளவுக்கு மேலே ஓவியம். ஆனால் அண்ணனோடு எதையும் நின்று பார்க்க முடியாது. ஒரு இடம் இலவசம் என்று நிரூபணமாகிவிட்டால் அவருக்கு அந்த இடம் முடிந்தது. “யல்லா, அடுத்தது,” என்பார், கிளம்பலாம் என்பதை அரபியில். வீடியோவில் இலவசம் என்று சொன்ன ஒரு பழைய கோவிலுக்கு இப்போது டிக்கெட் வைத்துவிட்டார்கள். அதன் வாசலில் நின்று அந்த ஊழியரிடம், போன வருடத்து வீடியோவைத் தன் ஃபோனில் போட்டுக் காட்டி வாதாடினார். ஊழியர் பொறுமையாக முழு வீடியோவையும் பார்த்தார். பிறகு டிக்கெட் கவுண்டரைக் காட்டினார். நாங்கள் திரும்பி நடந்தோம். ஐந்து டிக்கெட்டின் விலை ஃபஹாஹீலில் ஒரு வேளை பிரியாணிக்கு ஆகிற செலவுதான். நான் வாங்குகிறேன் என்று சொன்னபோது கணவர் என் கையை மெல்லப் பிடித்து இழுத்தார். மாமா மனசு கஷ்டப்படுமாம்.

இன்னொரு சர்ச்சில் ஓரமாக இருட்டு அறை. அதன் மூன்று சுவரிலும் பழைய பெரிய ஓவியங்கள். பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். நான் பையைத் திறந்தேன். அண்ணன் தடுத்தார்.

“இரும்மா. யாராச்சும் போடுவாங்க. அந்த வெளிச்சத்துலயே நாமளும் பாத்துக்கலாம்.”

நாங்கள் ஐந்து பேரும் இருட்டில் நின்றோம். எங்களுக்குப் பக்கத்தில் வேறு சிலரும் நின்றார்கள். அவர்களும் அதே யோசனையில்தான் நின்றார்கள் போலிருக்கிறது. யாரும் போடவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் என் மகள் தன் பர்ஸிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் போட்டாள். விளக்கு எரிந்தது. எல்லோரும் ஆ என்றார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் மீது ஜன்னல் வெளிச்சம் விழுகிற அந்தப் படத்தை இன்றும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. அண்ணன் என்னிடம் திரும்பி, “பாத்தியா, நான் சொன்னேன்ல,” என்றார்.

இந்த நாட்களில் நங்கை அதிகம் பேசவில்லை. அவர் சோஹாரிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. காய்கறிக் கடைக்குக்கூட அண்ணன் ட்யூட்டி முடிந்து வந்த பிறகுதான் போவார். வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து கடைக்கு. அவ்வளவுதான் அவர் நடை. ஆனால் ரோமில் எங்கள் ஐந்து பேரில் கால் வலிக்கிறது என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான். மெட்ரோ படிகளில் எங்களுக்கு முன்னால் ஏறிப் போய் மேலே நின்று எங்களுக்காகக் காத்திருப்பார். எனக்கு அது தெரிந்தது, ஆனால் எதுவும் தோன்றவில்லை. எனக்கு அண்ணன் மேல் இருந்த எரிச்சலே போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணன் விடிவதற்கு முன்பே எல்லோரையும் எழுப்பிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே கொலோசியத்தைச் சுற்றி வரிசை வளைந்து வளைந்து நின்றது. உலகத்தில் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் அங்கே வந்திருந்தார்கள். இலவச நாளில் முன்பதிவு கிடையாது, நின்றுதான் வாங்க வேண்டும். வெயில் ஏற ஏறக் கல்லிலிருந்து சூடு கிளம்பியது. குவைத் வெயிலுக்குப் பயந்து ஓடி வந்து ரோம் வெயிலில் நின்றோம். குவைத்திலாவது யாரும் என்னை வெயிலில் நிற்கச் சொல்வதில்லை. மகள் தரையில் உட்கார்ந்து தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள். அண்ணன் மட்டும் உற்சாகமாக, முன்னால் நின்ற போலந்துக்காரர்களிடம், இன்னும் மூன்று மணி நேரத்துக்குள் உள்ளே போய்விடலாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொலோசியத்துக்குப் பக்கத்தில் குளிர்ந்த தண்ணீரும் சோடாவும் சும்மா தருகிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. அண்ணனுக்கு ரோமில் மிகவும் பிடித்த பொருள் அதுதான். தண்ணீர் தீர்ந்ததும் நங்கை காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு, பிடித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மஞ்சள் துப்பட்டா கூட்டத்துக்குள் போவதை நான் பார்த்தேன்.

வரிசை நகர்ந்தது. நங்கை வரவில்லை. அங்கேயும் கூட்டமாக இருக்கும் என்று பேசிக்கொண்டோம். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. நான் போய்ப் பார்த்தேன். இயந்திரத்தைச் சுற்றிக் கூட்டம், ஆனால் மஞ்சள் துப்பட்டா இல்லை. ஃபோன் செய்யவும் வழியில்லை. ஐந்து பேருக்கு இரண்டு சிம் போதும், ஒன்று கணவருக்கு, ஒன்று எனக்கு, மற்றவர்கள் ஹாட்ஸ்பாட்டில் போட்டுக்கொள்ளலாம் என்பது அண்ணனின் ஏற்பாடு. நங்கையின் ஃபோன் அவர் கைப்பையில் வெறும் கடிகாரமாக இருந்தது.

திரும்பி வந்து சொன்னேன். கணவர் முகம் மாறியது. அண்ணன், “இங்கதான் எங்காச்சும் நிப்பா. இப்ப வரிசைய உட்டா இடம் போயிரும்,” என்றார்.

என் மகள் எழுந்து நின்றாள். “மாமா, அத்தையைக் காணோம். நீங்க இன்னும் லைன்ல நிக்கறீங்க. ஆர் யூ சீரியஸ்?” என்றாள். பெரியவர்களிடம் அப்படிப் பேசக்கூடாது என்று நான் எத்தனையோ முறை அவளிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

கணவர் ஒரு பக்கம் போனார். நானும் மகளும் இன்னொரு பக்கம். மெட்ரோ வாசல், நினைவுப் பொருள் கடைகள், கழிப்பறை வரிசை, ஒன்று விடாமல் பார்த்தோம். இரண்டு போலீஸ்காரர்களிடம் போய்ச் சொன்னேன். அவர்களில் இளையவர், எவ்வளவு நேரமாகக் காணோம், வயது என்ன, உடம்பு சரியில்லாதவரா என்று கேட்டார். வயது ஐம்பது, உடம்புக்கு ஒன்றும் இல்லை, தண்ணீர் பிடிக்கப் போனார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கொஞ்ச நேரம் கண்ணில் படவில்லை என்றால் அது ஏன் போலீஸ் விஷயம் என்ற கேள்வி இருந்தது. அதை அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இவர் தனியாக எங்கேயும் போனதே இல்லை என்று சொன்னால் அது அவருக்கு இன்னும் விசித்திரமாக இருந்திருக்கும். துப்பட்டாவின் நிறத்தையும் என் நம்பரையும் குறித்துக்கொண்டார்.

அப்போது கணவரின் ஃபோனிலிருந்து அழைப்பு வந்தது. நங்கை கிடைத்துவிட்டார் என்று நினைத்து எடுத்தேன். இல்லை. அண்ணன் கவுண்டர் வரை போய், ஐந்து டிக்கெட் வாங்கி, உள்ளேயே போய்விட்டாராம். மேல் அடுக்கில் நின்று பார்த்தால் வெளியே இருக்கிற கூட்டம் முழுக்கத் தெரியும், அதனால் அங்கிருந்து தேடுகிறேன் என்று, வரிசைக்குத் திரும்பி வந்த கணவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நடுத் தெருவில் நின்று நான் அழுதேன். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. என் மகள் என்னை ஒரு நிழலுக்கு இழுத்துப் போய் உட்காரவைத்து, “அம்மா, அத்தைக்கிட்ட மெட்ரோ பாஸ் இருக்கு. வீட்டுக்குப் போயிருப்பாங்களோ?” என்று கேட்டாள். நங்கை தனியாக மெட்ரோவில் ஏறுவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கணவரை அங்கேயே தேடச் சொல்லிவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

ஐந்து மாடியும் மூச்சு வாங்க ஏற வேண்டியிருக்கவில்லை. நான்காவது மாடியிலேயே, கீழ்வீட்டு அம்மாளின் கதவுக்கு வெளியே, ஒரு நாற்காலியில் நங்கை உட்கார்ந்திருந்தார். கையில் சின்னக் காபிக் கோப்பை. எங்கள் வீட்டுச் சாவி அண்ணனிடம் இருந்ததால் உள்ளே போக முடியாமல் படியில் உட்கார்ந்திருந்தாராம். அந்த அம்மாள் பார்த்துவிட்டு நாற்காலி போட்டிருக்கிறார். தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் காலடியில் வரிசையாக நின்றன.

நான் சத்தம் போட்டேன். நங்கையிடம் அதுவரை ஒரு சொல் உயர்த்திப் பேசியதில்லை. எங்கே போனீர்கள், சொல்லிவிட்டுப் போகக் கூடாதா, போலீஸ் வரைக்கும் போய்விட்டேன் தெரியுமா என்று படிக்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன். கீழ்வீட்டு அம்மாள் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார். நங்கை நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

இயந்திரத்தின் முன்னால் கூட்டமாக இருந்ததால் ஒரு பெரியவர், மேலே தெருவில் குழாய் இருக்கிறது என்று கை காட்டியிருக்கிறார். நங்கை ஏறிப் போய்ப் பாட்டில்களை நிரப்பியிருக்கிறார். அந்தத் தெருவில் நல்ல நிழல். இன்னும் கொஞ்சம் ஏறலாம் என்று தோன்றியதாம். ஏறினால் மரங்களுக்கு நடுவில் சின்ன சர்ச் ஒன்று கதவைத் திறந்து வைத்திருந்தது. உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்தது. தலையில் தண்ணீர் ஊற்றியதும் அது வீரிட்டு அழுததையும் எல்லோரும் சிரித்ததையும் நங்கை சொன்னார். முடிந்ததும் குடும்பம் மொத்தமும் படம் எடுக்க நின்றது. எடுக்க ஆள் இல்லை. அங்கே சொந்தக்காரர் அல்லாத ஒரே ஆள் நங்கைதான். ஃபோனை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். எடுத்துக் கொடுத்தார். பிறகு அவரையும் நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். பின்புறத் தோட்டத்தில் சாப்பாடு போட்டிருந்தார்கள், அதற்கும் அழைத்துப் போனார்கள். கறி சாப்பிட மாட்டேன் என்பதைச் சைகையில் சொல்லிப் புரியவைத்தாராம். கைப்பையிலிருந்து வெள்ளை வலைத் துணியில் கட்டிய பொட்டலத்தை எடுத்து என் மகளிடம் கொடுத்தார். சர்க்கரை பூசிய பாதாம், விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்ததாம்.

“திரும்பி வந்து வரிசையில உங்களத் தேடினேன். காணோம். சரின்னு ரயில் ஏறி வந்துட்டேன். தெனமும் அதே ரயில்லதான அம்மிணி வர்றோம்,” என்றார்.

“எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சீங்களா நங்கை?”

“மூணு மணி நேரம் நிக்கோணும்னு அவரு சொன்னாரு. அதுக்குள்ள வந்துரலாம்னு நெனச்சேன்.” காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு அதுக்குள்ள போய்ப் பாக்கோணும்னே இல்ல. வெளிய நின்னு பாத்ததே நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார்.

“அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“ஆரு கேட்டாங்க?”

நானும் கேட்டதில்லைதான். இருந்தாலும் கோபம் போகவில்லை. அவர் மேல் கோபப்படுவது நியாயமில்லை என்று தெரிந்த பிறகும் கோபம் அப்படியே இருந்தது. அது இன்னும் பெரிய எரிச்சல்.

நான் ஃபோன் செய்து சொன்னதும் கணவரும் அண்ணனும் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் நாலு மாடி ஏறிய மூச்சோடு நங்கையைப் பார்த்து அப்படியே நின்றார். முகமெல்லாம் வேர்த்து, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உள்ளே போனாரே தவிர, அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார். மேலே எங்கள் கதவுக்குப் போனதும் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியாமல் கணவரிடம் கொடுத்தார். உள்ளே வந்ததும், சொல்லாமல் எங்கே போனாய் என்று சத்தமில்லாமல் கேட்டார். நங்கை எனக்குச் சொன்ன கதையை மறுபடி, இன்னும் சுருக்கமாகச் சொன்னார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். எனக்கே அவர் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. அப்போது அவர் நிமிர்ந்தார்.

“சாப்பாடும் அவங்களே போட்டாங்களா?”

“ஆமா.”

“ஃப்ரீயா?”

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கேயே இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை நங்கை குக்கரைத் தொடவில்லை. குளித்து, தலை சீவி, தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு, நீங்கள் உங்கள் இடங்களுக்குப் போங்கள், நான் நடக்கப் போகிறேன் என்றார். எங்கே என்று அண்ணன் கேட்டதற்கு, தெரியவில்லை என்றார். அண்ணன் கீழே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிம் கார்டு இருந்தது. தானே நங்கையின் ஃபோனில் போட்டு, எங்கள் நம்பர்களை எல்லாம் ஒரு முறை அழுத்திப் பார்த்துக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் யாரும் கேட்காமல் அவர் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருள் அது.

மிச்சமிருந்த நாட்களில் நானும் மகளும் நங்கையோடு சேர்ந்துகொண்டோம். எனக்கு ரோம் கிடைத்தது அந்த நாட்களில்தான். அவர் எதையும் தேடிப் போகவில்லை. நிழல் இருக்கிற பக்கமாக நடந்தார், களைத்தால் உட்கார்ந்தார். பழைய சந்தையில் பெண்கள் கீரை ஆய்வதை வெகுநேரம் நின்று பார்த்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குன்றின் மேல் தினமும் நடுப்பகலில் பீரங்கி சுடுகிறார்கள். வீரர்கள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்த, சுவர் விளிம்பில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்க்கின்றன. வெடித்ததும் புகை ஊரைப் பார்த்துப் போகிறது, கூட்டம் கை தட்டுகிறது, வீரர்கள் பீரங்கியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். இதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று மகள் சொன்னாள். மறுநாள் அவள்தான் எங்களை மறுபடி அங்கே இழுத்துப் போனாள். ஒரு சாயங்காலம் ஆரஞ்சு மரத் தோட்டத்தின் சுவரில் சாய்ந்துகொண்டு, வெயில் இறங்க இறங்கக் கூரைகள் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் யல்லா என்று சொல்லவில்லை. அதற்காகவே நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கொலோசியத்துக்குள் மட்டும் நான் போகவே இல்லை. கடைசி இரண்டு நாளும் காசு கொடுத்து வாங்கலாம் என்று பார்த்தால் எல்லா டிக்கெட்டும் விற்றுப்போயிருந்தன. ஐந்து பேரில் அதன் உள்ளே போனவர் அண்ணன் மட்டும்தான். நங்கையைத் தேடுவதற்காக மேல் அடுக்கில் ஏறியவர், நான்கு பக்கமும் நின்று எடுத்துக்கொண்ட செல்ஃபிகளை ஊருக்குப் போகும் விமானத்தில் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். இரண்டில் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

ஜனவரியில் அவர்கள் குவைத்துக்கு வந்தபோது எங்கள் தமிழர் சங்கத்தின் பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. கணவர் யாரிடமோ பெருமையாகச் சொல்லிவைக்க, குறைந்த செலவில் ஐரோப்பா என்று அண்ணனைப் பேசவே கூப்பிட்டுவிட்டார்கள். பள்ளி அரங்கில் சர்க்கரைப் பொங்கல் தட்டுகளோடு உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு முன்னால் அண்ணன் திரையில் படம் போட்டுப் பேசினார். நன்றாகவே பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுகளில் விசேஷம் நடக்கும், உள்ளே போய் அமைதியாக உட்கார்ந்தால் விருந்தே கிடைக்கும், நாங்கள் அப்படித்தான் சாப்பிட்டோம் என்றார்.

முன் வரிசையிலிருந்து நங்கை, “நீங்க அன்னைக்கு வரிசையிலதான நின்னீங்க,” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அரங்கு சின்னது, எல்லோருக்கும் கேட்டது. சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமானது. அண்ணனும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வருவதற்குள் நான்கைந்து குடும்பங்கள் கணவரைச் சுற்றிக்கொண்டன. எந்த வீடு, எந்த மெட்ரோ, அடுத்த முறை நாங்களும் சேர்ந்து வரலாமா என்று கேட்டார்கள். அவர் எல்லோரிடமும் சரி சரி என்றார். காரில் ஏறியதும் அண்ணன், அடுத்தது புடாபெஸ்ட், அங்கே இன்னும் அதிகமாக இலவசம், இப்போதே ஆரம்பித்தால் சரியாக இருக்கும் என்று தொடங்கினார். கணவர், பார்க்கலாம் மாமா என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நங்கை, “நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நானும் அம்மிணியும் தனியாப் போறோம்,” என்றார்.

எங்கே, எப்போது, எத்தனை நாள் என்று எதுவும் என்னிடம் கேட்கவில்லை. என் பள்ளி விடுமுறை எப்போது என்றுகூட அவருக்குத் தெரியாது. இந்தக் குடும்பத்தில் என் விடுமுறையை முடிவு செய்ய எல்லோருக்கும் உரிமை உண்டு, என்னைத் தவிர. வாயைத் திறந்து அதைச் சொல்லப்போனேன். அதற்குள் அவர், தரைத்தள வீடாகப் பார், படி வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்து, விசாவுக்கு எந்த நாளில் நேரம் கிடைக்கிறது என்று பார்த்தேன். ஏப்ரல் வரை ஒன்றும் இல்லை.